சுற்றிய நூலும் போர்த்திய துணியும்: சடங்கிலிருந்து தறிக்கு

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். கோலாலம்பூரில் வடிவமைப்புப் படித்தவர். இரண்டு ஆண்டுகளாக மேசைத் தறியில் நெய்து பழகுகிறார். பினாங்கின் கோயில்களிலும் தர்காவிலும் பௌத்த ஆலயங்களிலும் இருக்கும் புனிதப் பொருள்களையும் அவற்றைச் சுற்றி நடக்கும் சடங்குகளையும் வைத்து ஒரு நெசவுத் தொடர் செய்ய வேண்டும் என்பது ஆசை. வேல், காவடி, தண்ணீர்மலைக்குப் போகும் வெள்ளித் தேர் என்று ஒவ்வொன்றாக வரைந்து நெய்து பார்த்தாராம். "சுற்றுலாப் பயணிக்கு விற்கிற சுவர்த் துணி மாதிரியே வருகிறது" என்று வருத்தப்படுகிறார். எங்கே பிசகுகிறது, எதிலிருந்து தொடங்குவது, சாமி விஷயத்தில் கை வைத்தால் அபசாரமாகுமா, எந்தச் சாயம் நிற்கும் என்பவை அவர் கேள்விகள்.

தம்பி, முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது ஜார்ஜ் டவுன். வாழ்க்கைப்பட்டது கும்பகோணத்துப் பக்கம், தறி ஓடுகிற வீட்டில். மாமியாரிடம் குழித்தறி பழகினேன். பதினோரு ஆண்டு கழித்து ஊர் திரும்பியபோது குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கள் இரண்டும், அதை அடித்து நெருக்கும் அச்சு ஒன்றும் என் பெட்டியில் இருந்தன. சுங்க அதிகாரி அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன சீப்பு என்று கேட்டார். ஆகவே நான் சொல்வது தறிக்காரியின் பேச்சாகத்தான் இருக்கும். கலைக் கல்லூரிப் பேச்சு எனக்கு வராது.

பிசகு எங்கே என்று எனக்குத் தெரிகிறது. நீங்கள் பொருளை நெய்கிறீர்கள். வேலின் அழகு அதன் இலைமுனை வளைவில் இருக்கிறது. தறிக்கு வளைவு தெரியாது; பாவு நெடுக்கே போகும், ஊடை குறுக்கே போகும். வளைவு கேட்டால் படிக்கட்டுத்தான் தரும். அந்தப் படிக்கட்டை மறைக்க நூலை மெலிதாக்கி, இழையைக் கூட்டி, எத்தனை பாடுபட்டாலும் கடைசியில் கிடைப்பது அச்சடித்தால் பத்து நிமிடத்தில் கிடைத்திருக்கும் படம். அதை நெய்துதான் ஆக வேண்டும் என்பதற்கு அந்தப் படத்துக்குள் ஒரு காரணமும் இல்லை. பார்க்கிறவருக்கு இதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படத்தை விட்டுவிட்டு, சடங்கில் துணியும் நூலும் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். சுற்றுகின்றன, கட்டுகின்றன, போர்த்துகின்றன, மறைக்கின்றன, முடிந்தபின் கிழிபட்டுப் பங்கிடப்படுகின்றன. இவையெல்லாம் தறி அறிந்த வேலைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு சிறிய கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் யாகசாலை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காத ஒரு குருக்கள் செப்புக் குடத்தைக் காலிடுக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தி நூல். நூல்கண்டு வலது கையில், குடத்தின் கழுத்து இடது கையில். நூல் கழுத்தைச் சுற்றிக் கிளம்பி, வயிற்றில் சரிந்து இறங்கி, அடியைத் தொட்டு, மறுபக்கம் ஏறிக் கழுத்துக்கே வந்து சேரும். சுற்றுக்கு ஒரு விரற்கடை குடத்தைத் திருப்புகிறார். அவ்வளவுதான் வேலை. கால் மணி நேரத்தில் குடத்தின் மேல் சாய்ந்த கட்டங்கள் பூத்துவிட்டன. எல்லாம் ஒரே அளவு. அளவுகோல் கிடையாது, குறி கிடையாது. நடுவில் யாரோ வந்து தாம்பாளம் எங்கே என்று கேட்டார். நிமிர்ந்து பதில் சொன்னார், கை நிற்கவில்லை. நூல் எங்காவது தளர்ந்தால் மட்டும் கட்டைவிரலால் ஓர் அழுத்து.

அந்தக் குடம் ஓர் உடம்பு என்பது வழக்கு. உள்ளே இருக்கும் நீர் இரத்தம், மேலே வைத்த தேங்காய் தலை, மாவிலை முடி, சுற்றிய நூல் நாடி. உடம்பில் நாடிகள் 72,000 என்பது பழைய கணக்கு. தெய்வத்தை இறக்குவதற்கு முன் ஓர் உடம்பைக் கட்டியாக வேண்டும். கட்டுகிற வேலை நூலுக்கு. எனக்கு அங்கே உட்கார்ந்து தோன்றியது இன்னொன்று. பாவும் ஊடையும் ஒரே நூலாக இருக்கிற துணி இது. இதற்குத் தறி அந்தக் குடம்தான்.

இதை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனால் குடத்தை வரைய வேண்டிய அவசியமே இல்லை. நூல் அறுபடக் கூடாது என்ற ஒரு விதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறடி நீளத்துக்கு முடிச்சே இல்லாத ஊடை. தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் நூல்சுருள், தீரும்போது பழைய நுனியையும் புது நுனியையும் பாவின் ஒரே திறப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அச்சை அடித்தால் முடிச்சு வேண்டியதில்லை. இப்படி நெய்த துணிக்கு ஒருவிதமான மௌனம் வரும். நான் செய்து பார்த்திருக்கிறேன். யாருக்கும் குடம் நினைவுக்கு வரவில்லை, ஆனால் இரண்டு பேர், "இதைப் பார்த்தால் கோயில் ஞாபகம் வருகிறதே, ஏன்?" என்று கேட்டார்கள்.

நூல் என்று தேட ஆரம்பித்தால் பினாங்கில் காலடி வைத்த இடமெல்லாம் நூல்தான். தைப்பூசத்துக்கு முன் மணிக்கட்டில் ஏறும் மஞ்சள் காப்பு. கல்யாணத்தில் தாலிச் சரடு. பர்மா லேனில் எதிரெதிரே நிற்கும் இரண்டு பௌத்த ஆலயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1803இல் தொடங்கிய பர்மியக் கோயில், மற்றது 33 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் தாய்லாந்துக் கோயில். அந்த வழக்கங்களில் பிக்குகள் பரித்தம் என்னும் காப்பு மந்திரம் ஓதும்போது புத்தர் சிலையிலிருந்து ஒரு வெள்ளை நூல் கிளம்பும். ஓதுகிறவர்களின் கைகள் வழியாகப் போய்க் கேட்கிறவர்களின் கைகளுக்கு வரும். ஓதிய ஓசை நூலேறி வருகிறது என்பது நம்பிக்கை. அதைத் துண்டுகளாக்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நம் காப்புக்கும் அதற்கும் எத்தனை தூரம்?

இனி துணிக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

புனிதப் பொருள் என்றால் எலும்பு, பல், தலைமுடி, ஆயுதம் என்று நினைக்கிறோம். துணி அதன்மேல் போர்த்திய அலங்காரம் மட்டும் என்று எண்ணினால் தவறு. பட்ட துணியும் புனிதமாகிவிடுகிறது. இதைச் சொல்ல எனக்குப் பிடித்த இரண்டு கதைகள் உண்டு. இரண்டிலும் தராசு வருகிறது.

முதலாவது நமக்குத் தெரிந்தது. அமர்நீதி நாயனார், பழையாறைத் துணி வணிகர். சிவனடியார்க்குக் கோவணம் கொடுப்பது அவர் தொண்டு. ஒரு பிரம்மச்சாரி வந்து ஒரு கோவணத்தைக் கொடுத்து வைத்துவிட்டு நீராடப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் கோவணத்தைக் காணோம். அவரிடம் இருந்த இன்னொன்றைத் தராசில் ஒரு தட்டில் வைத்து, இதற்கு நேராக ஒன்று கொடு என்கிறார். நாயனார் கடையில் உள்ள துணி எல்லாவற்றையும் வைக்கிறார், பொன்னை வைக்கிறார், தட்டு அசையவில்லை. கடைசியில் தானும் மனைவியும் மகனும் ஏறி உட்கார்ந்தபோதுதான் நேராகிறது. இரண்டாவது கதை ரோமாபுரியில் நடப்பது. 6ஆம் நூற்றாண்டில் தூர் நகரத்து ஆயர் கிரெகோரி எழுதி வைத்திருக்கிறார்: பேதுருவின் கல்லறைக்கு வருகிறவர் ஒரு துண்டுத் துணியை எடை போட்டு, சிறு சாளரம் வழியாகக் கல்லறைக்குள் இறக்கி, நோன்பிருந்து வேண்டுவார். வேண்டுதல் பலித்தால் துணி வெளியே வரும்போது போனதைவிடக் கனமாக இருக்கும். அந்தத் துணியே பிறகு புனிதப் பொருள். ஊருக்கு எடுத்துப் போய்ப் பேழையில் வைப்பார்கள்.

ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிராத இரண்டு ஊர்கள், இரண்டு சமயங்கள். இரண்டு இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளக்கத் துணியைத்தான் தட்டில் வைத்தார்கள். நெய்கிறவளுக்கு இது புரியும். துணி எதையும் உறிஞ்சும்: வியர்வை, சந்தனம், புகை, எண்ணெய், ஈரம். தறியிலிருந்து இறக்கிய துணியைக் காலையிலும் மழை பெய்த மாலையிலும் எடை போட்டுப் பாருங்கள், ஒரே எடை இருக்காது. பருத்தியின் இயல்பு அது. பக்தர்கள் அதில் வேறொன்றைப் பார்த்தார்கள்.

உலகத்தின் பழைய பட்டுத் துணிகள் பலவும் இன்றைக்கு நம் கண்ணுக்குக் கிடைப்பதே எலும்பைச் சுற்றி வைத்ததால்தான். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு துணி இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் குராசானில் நெய்தது. எதிரெதிரே யானைகள், ஓரத்தில் ஒட்டக வரிசை, யானைகளின் காலடியில் அரபு எழுத்து. பக்தகீன் என்ற இஸ்லாமியத் தளபதிக்கு வாழ்த்துச் சொல்கிறது அந்த வரி. அவர் 961இல் இறந்தார். துணியோ எப்படியோ பிரான்சுக்குப் போய், ஜோஸ் என்ற கிறிஸ்தவப் புனிதரின் எலும்புகளை 1134இல் மீண்டும் பொதிந்தபோது அவற்றைச் சுற்றும் துணியாயிற்று. எழுத்தை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். வாசித்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நல்ல பட்டு, தூரத்திலிருந்து வந்தது, புனிதருக்கு ஏற்றது. அவ்வளவே.

நம்மிடம் துணி போகும் பாதை தலைகீழ். அங்கே எலும்போடு உள்ளே போய் மூடப்பட்டது. இங்கே சாமி மேலிருந்து வெளியே வந்து மனிதர் மேல் ஏறுகிறது. பரிவட்டம் அதுதான்: தெய்வத்துக்குச் சாத்திய துணி தலையில் கட்டப்படும்போது அது மரியாதை. பெருமாள் உடுத்துக் களைந்த பீதக ஆடையை உடுக்கிறவர்கள் நாங்கள் என்று பெரியாழ்வார் பாடியது பணிவா பெருமிதமா என்று எனக்கு இன்றும் சந்தேகம். அம்மனுக்குச் சாத்திய சேலையை ஏலத்தில் எடுத்து வந்து, மகள் பிரசவத்துக்குப் போகும்போது பெட்டியில் மேலாக வைத்து அனுப்பிய ஒரு தாயை எனக்குத் தெரியும். பாலியெஸ்டர் சேலைதான், ஜரிகையும் பிளாஸ்டிக். அந்தத் தாயிடம் போய் நூலின் தரம் பேசிப் பாருங்கள்.

மக்காவின் கிஸ்வாவிலும் பங்கிடுவதுதான் முடிவு. கஅபாவைப் போர்த்தும் அந்தக் கறுப்புத் துணிக்குச் சுமார் 670 கிலோ பட்டு ஆகிறது. எழுத்துகளுக்குத் தங்க, வெள்ளி இழை தனி. ஒரு காலத்தில் எகிப்திலிருந்து ஊர்வலமாக வரும். 1962க்குப் பிறகு அது நின்றது, மக்காவிலேயே செய்கிறார்கள். ஆண்டுதோறும் புதியது ஏறும். இறங்கிய பழையது துண்டுகளாகி அன்பளிப்பாகப் போகும். நாகூரில் கந்தூரி விழாவுக்குக் கொடிகள் கப்பல் வடிவ ரதத்தில் வருகின்றன. நாகூர் ஆண்டவர் என்று வணங்கும் ஞானியின் அடக்கத்தலத்துக்குச் சந்தனம் பூசுகிறார்கள், போர்வை போர்த்துகிறார்கள். நம் சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்காவில் அடக்கம் இல்லை. அவர் நினைவாகக் கடல் கடந்து வந்தவர்கள் கட்டியது. உடல் இல்லாத இடத்தில் போர்வை எதைப் போர்த்துகிறது? உங்கள் தொடரில் ஒரு துணிக்கு இந்த ஒரு கேள்வி போதும் தம்பி. நான் தொடத் துணியவில்லை, நீங்கள் இளையவர்.

பர்மியர்களை விட்டுவிட்டுப் போக மனமில்லை. ஓலைச்சுவடியைத் துணியில் பொதிந்து மேலே சுற்றிக் கட்ட அவர்களிடம் ஒரு நாடா உண்டு, சசிஜோ என்பார்கள். ஒன்றிரண்டு விரல் அகலம், பல மீட்டர் நீளம். அதில் எழுத்தை நெய்வார்கள். இன்னார் இந்தச் சுவடியைத் தானம் செய்தார், இந்தப் புண்ணியத்தால் இன்ன பேறு கிட்டட்டும் என்று ஆரம்பித்து, வேண்டுதல் நாடா முழுக்க ஓடும். சுவடியைக் கட்டிவிட்டால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் போய் வாசிக்க முடியாமல் மறைந்துவிடும். மறைவதற்காகவே நெய்த எழுத்து! இன்னொரு வழக்கம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இரவில் புத்தருக்குச் சீவரம் என்னும் துறவாடை நெய்து விடிவதற்குள் சாத்துவது. யாங்கோனில் சுவேதகோன் மேடையில் பெண்கள் குழுக் குழுவாகத் தறியில் உட்கார்ந்து போட்டியாகவே நெய்வார்கள். பழையதாகாத ஆடை என்று அதற்குப் பெயர், விடிந்தால் பழையது. ஒரு துணிக்கு இத்தனை மணி நேரம்தான் என்று எல்லை போட்டுக்கொண்டு உட்காருங்கள். பிழை வரும், ஓரம் கோணும், பிரிக்க நேரம் இருக்காது. அதுதான் வேண்டும்.

முன்னே சொன்ன சுவடி நாடாவை நெய்ய மேசைத் தறிகூட வேண்டாம். அட்டை நெசவு. சதுர அட்டையின் நான்கு மூலையிலும் ஒரு துளை. துளைக்கு ஒரு பாவு இழை. இருபது அட்டைகளை அடுக்கிப் பிடித்துக் கால் திருப்பு திருப்பினால் பாவு திறக்கும். ஊடையை விட்டு இறுக்கி, மறுபடி கால் திருப்பு. இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போவதால் நாடா இரும்பு மாதிரி உறுதி. பழைய சீட்டுக்கட்டைச் சதுரமாக வெட்டிக்கொண்டால் செலவு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் டர்ஹம் தேவாலயத்தில், 687இல் இறந்த கத்பெர்ட் என்ற புனிதரின் பெட்டியை 1827இல் திறந்தபோது கிடைத்த 10ஆம் நூற்றாண்டு அங்கித் துண்டுகளிலும் இதே அட்டை நெசவுக் கரைதான். நடுவில் உள்ள பொன் எம்பிராய்டரியைத்தான் எல்லாரும் போற்றுவார்கள். எனக்குக் கரைதான், ஆயிரம் ஆண்டாக அந்த அங்கியின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது அது.

நம் துணியே பிறர்க்குப் புனிதப் பொருளான கதையும் உண்டு. குஜராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கப்பலேறிய துணிகள் இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் தொராஜா மக்களிடம் 'மாஆ' என்ற பெயரில் குலச் சொத்தாக, சடங்குக்கு மட்டும் வெளியே எடுக்கும் துணியாக நூற்றாண்டுகள் இருந்திருக்கின்றன. நம்மூரில் அவற்றின் உடன்பிறப்புகளைக் கட்டிக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டோம். சரவாக்கின் இபான் பெண்கள் நெய்யும் சடங்குப் போர்வையான புவா கும்புவும் பார்க்க வேண்டியது. பாவுக்குச் சாயம் ஏறுவதற்கு முன் நூலைப் பதப்படுத்தும் சடங்குக்கு 'ஙார்' என்று பெயர். அதைப் பெண்களின் போர் என்றே சொல்வார்கள். வடிவம் கனவில் வர வேண்டும். தலைநகரில் இருந்தபோது பார்க்கவில்லையென்றால், அடுத்த முறை மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டி நின்று பாருங்கள்.

"இதெல்லாம் சடங்குத் துணி, கலை எங்கே?" என்று கேட்பீர்கள். ஒரே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ஆனி ஆல்பர்ஸ் என்ற ஜெர்மானிய நெசவாளர். நாஜிகள் காலத்தில் அமெரிக்கா போனவர். நியூயார்க் யூத அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில், கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களின் நினைவாக 1966-67இல் ஆறு துணிகள் நெய்தார். 'ஆறு பிரார்த்தனைகள்' என்று பெயர். ஆள் உயரத்துக்கு ஆறு குறுகலான பட்டைகள். வெள்ளை, கறுப்பு, மண் நிறம், இடையே வெள்ளி மினுக்கம். ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு விளக்குத் தண்டு இல்லை, ஒரு முகம் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஓர் இழை துணி முழுக்க அலைகிறது. எழுத்து மாதிரி இருக்கும்; ஆனால் எழுத்து அல்ல. உதடு அசைவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல. சின்னத்தை நெய்யாமல் பிரார்த்தனையை நெய்வது என்றால் அது.

நான் செய்தது ஒன்றைச் சொல்கிறேன், பெருமைக்காக அல்ல. உங்கள் தறியில் முடியும் என்பதற்காக. பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுச் சட்டங்கள் நான்கு இருந்தால் இரட்டைத் துணி நெய்யலாம். பாவில் ஒற்றைப்படை இழைகள் மேல் துணிக்கு, இரட்டைப்படை இழைகள் கீழ்த் துணிக்கு. ஆகவே பாவு இரண்டு மடங்கு அடர்த்தி வேண்டும். ஒற்றைத் துணிக்கு அங்குலத்துக்கு 20 இழை என்றால் இதற்கு 40. கொஞ்ச தூரம் நெய்துவிட்டு மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றினால் அந்த இடத்தில் இரண்டும் பின்னிக்கொண்டு மூடிவிடும். இடையே ஒரு பை. மூடுவதற்கு முன் உள்ளே எதையாவது வைத்தால் தறியிலேயே முத்திரை விழுந்துவிடும், துணியைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. அப்படி 27 பைகள் நெய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு காப்புக் கயிறு: தைப்பூசம் முடிந்து அவிழ்த்தவை, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியது. வெளியே வெறும் வெள்ளைத் துணி. தடவினால் மட்டும் சிறு முடிச்சு விரலில் தட்டும்.

அபசாரம் பற்றிய கேள்விக்கு விடை எனக்கு அந்தத் துணியால்தான் கிடைத்தது. ஒரு பழைய கடைவீட்டில் மூன்று வாரம் தொங்கவிட்டிருந்தோம். ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். உள்ளே என்ன என்று பேத்தி வாசித்துச் சொன்னாள். பாட்டி செருப்பைக் கழற்றினார். துணியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் குப்பென்று வியர்த்தது. அதுவரை அதற்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தேன், மறுநாள் எடுத்துவிட்டேன். விற்பது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, சாத்திரமும் இல்லை. ஆனால் நாம் கலை என்று தொங்கவிடுவதை இன்னொருவர் சாமியாக ஏற்றுக்கொள்ளக் கூடும். அந்த ஏற்பு நடந்த பிறகு பழைய மாதிரி நடந்துகொள்ள முடியாது.

மற்றபடி சில விஷயங்களில் நான் பிடிவாதம். சாத்திய துணியையோ போர்வையையோ கேட்காமல் வெட்டுவதில்லை. கோயிலிலோ தர்காவிலோ போய்க் கேட்டால் பெரும்பாலும் மனமுவந்து தருவார்கள், எதற்கு என்று மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டும். வேத வரி, குர்ஆன் வசனம் எதையும் தரையில் விரிக்கும் துணியிலோ பையிலோ நெய்வதில்லை. புத்தர் உருவம் இடுப்புக்குக் கீழே வரும் எதிலும் கூடாது. எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் பழைய சடங்குத் துணி வாங்குவதில்லை. அது எந்தக் கோயில் பெட்டியிலிருந்து காணாமல் போனதோ, யார் கண்டது?

கடைசியாகச் சாயம். என் முதல் தொடருக்கு, காப்புக்கு மஞ்சள் என்றால் மஞ்சள் கிழங்குதான் என்று வீறாப்பாக அரைத்துத் தோய்த்தேன். மஞ்சள் பருத்தியில் சட்டென்று ஏறும். கடுக்காய், படிகாரம் எதுவும் கேட்காது. பார்க்கப் பொன் மாதிரி இருந்தது. கிழக்குப் பார்த்த சன்னல் பக்கம் தொங்கவிட்டு மூன்று மாதத்தில் பார்த்தால் பழைய பஞ்சு நிறம். வெயில் குடித்துவிட்டது. பயந்துபோய்ச் சோப்புப் போட்டு அலசினேன். இருந்த கொஞ்சமும் சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நடக்கிற அதே வேலை: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அன்றைக்கு அழுதேன். இப்போது அதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். எது மங்க வேண்டுமோ அதற்கு மட்டும் மஞ்சள்.

நிற்க வேண்டிய மஞ்சளுக்குப் பலாக்கட்டை. பலா மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சீவி வேகவைத்த சாறு. பிக்குகளின் சீவரத்துக்குப் பரம்பரையாக ஏறுகிற நிறம் இதுதான், ஆகவே உங்கள் தொடருக்கும் பொருத்தம். சிவப்புக்கு மஞ்சிட்டி. சாயவேர் கிடைத்தால் அதைவிட நல்லது. சோழமண்டலத் துணியின் பேர்போன சிவப்பு அதனுடையது. பருத்தியாக இருந்தால் முதலில் கடுக்காய்த் தண்ணீர், பிறகு 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரம், அதற்குப் பிறகுதான் சாயம். அவசரப்பட்டால் நிறம் நூலின் மேலே நிற்கும், உள்ளே போகாது. ஜரிகை வாங்கும்போது ஓர் இழையை உரசிப் பாருங்கள். பழைய முறை ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். அசல் என்று சொல்லி ஒரு கடையில் என் தலையில் கட்டியது எட்டு மாதத்தில் செம்பு நிறம் காட்டியது. துணியை பாலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள்; நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். அலசி உலர்த்திய பழைய பருத்தி வேட்டியில் சுருட்டி வைத்தால் போதும்.

தொடங்குவதற்கு ஒரு வேலை தருகிறேன். எங்காவது கும்பாபிஷேகம் நடக்கிறது என்று தெரிந்தால் முதல் நாள் மாலையே போய்விடுங்கள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நூல் சுற்றுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். மறுநாள் குடங்களின் நீர் எல்லாம் கலசத்தில் கவிழ்ந்த பிறகு, வெறும் குடத்தில் சுற்றியிருக்கும் அந்த நூல் எங்கே போகிறது என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்டேன். குருக்கள் சிரித்துவிட்டு, குடத்திலிருந்து உருவி, ஈரத்தோடு பந்தாகச் சுருட்டி என் கையில் வைத்தார். சாய்ந்த கட்டமெல்லாம் போய் வெறும் சிக்கல். என் தறிக்குப் பக்கத்து இழுப்பறையில்தான் கிடக்கிறது. நான்கு முறை சிக்கெடுக்க உட்கார்ந்தேன். நான்கு முறையும் அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.